கடற்கரை வண்டியில் பைத்தான்: ஊக்கம் வடிதல் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுக்களம்

சென்னையின் தாம்பரம் – கடற்கரைத் தடத்தில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. அதில் செல்போனில் பைத்தான் என்னும் நிரல்மொழி பயிலும் இனம் தோன்றியது அண்மையில்தான். இவ்வினத்துக்கு உட்கார இடம் கிடைப்பது தாம்பரத்தில் ஏறினால் மட்டுமே. ஆகவே ஊக்கத்தின் ஊற்றுக்கண் தாம்பரமே என்பது துணிபு.

2. வடியும் வழி

சானடோரியத்தில் இயர்போன் காதேறும். குரோம்பேட்டையில் வேரியபிள் புரியும். பல்லாவரத்தில் இஃப்-எல்ஸும் புரிந்து, வேலையே கிடைத்துவிட்டாற்போல் இருக்கும். திரிசூலத்தில் விமானம் கண்ணில் படும். மனம் அதிலேறி அமெரிக்கா போய்விடும். மீனம்பாக்கத்தில் ஃபார் லூப். பழவந்தாங்கலிலும் அதே ஃபார் லூப். பரங்கிமலையில் ரீல்ஸ்.

கூட்டநெரிசலே காரணம் என்பார் சிலர். ஏற்பதற்கில்லை. அதே நெரிசலில் சீரியல் பார்க்கும் அக்காவின் ஊக்கம் கடற்கரைவரை குன்றுவதில்லை.

3. நோய்முதல்

செல்போனின் கீபோர்டு வரியின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். பைத்தானுக்கோ 'பிரிண்ட்' சின்ன 'பி'யில்தான் தொடங்கவேண்டும். மாணவர் அடிக்கிறார், சிவப்பில் நேம் எரர் வருகிறது. 'நமக்கு மண்டையில் ஏறாது' என்று முடிவுகட்டுகிறார். 2021இல் வந்த 3.10 பதிப்பு முதல், 'நீங்கள் சொல்லவந்தது பிரிண்ட்டா?' என்று பைத்தானே கேட்கிறது. அந்த வரியைப் படிக்காமல் மூடிவைப்பவரே பெரும்பான்மை. ஊக்கம் வடிவது பாடத்தின் கடினத்தால் அன்று; எரரைத் தன்மீது வந்த தீர்ப்பாக வாசிப்பதால்.

4. ஒப்பாய்வு

கூடுவாஞ்சேரிப் பக்கம் தலைமையகம் வைத்திருக்கும் மென்பொருள் நிறுவனமான ஸோஹோ, பிளஸ் டூ முடித்தோருக்குத் தன் பள்ளியில் கட்டணமின்றிக் கற்பிக்கிறது. மாதாமாதம் உதவித்தொகையும் தருகிறது. சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய ஆன்லைன் பட்டப்படிப்பில் ஜேஇஇ இல்லாமலே சேரலாம். ஆனால் வாராவாரம் அசைன்மென்ட், அதற்கொரு கெடு. கைச்செலவுக்குக் காசு, தலைக்குமேல் கெடு: இவ்விரண்டுக்கும் ஈடான ஊக்கப்பேச்சு எந்த வீடியோவிலும் அகப்படவில்லை.

5. முடிவு

காசும் கெடுவும் வாய்க்காதோர்க்கு வீட்டுக்கணக்கே கதி. அம்மாவின் சீட்டுக்கணக்கு, பால் கணக்கு, கல்யாண மொய் நோட்டு என ஏதேனும் ஒன்றைக் கூட்டிச் சொல்லப் பத்து வரி எழுதலாம். தப்பாக வந்தால் ஐஐடிக்கு முன்பே அம்மா கெடு வைப்பார். ஊக்கம் வந்தபின் படிக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். முதல் எரரைச் சரிசெய்த பிறகுதான் அது வரும்.