கட்டுப் பிரிக்கும் நேரம்

கேள்வி: நர்சிங் மாணவர்களுக்கு முகபாவனைப் பயிற்சி எதற்கு? அது நடிப்பில்லையா?

பதில்: புற்றுநோயால் 1969-இல் மறைந்த அண்ணாவின் பெயரில், அவர் பிறந்த காஞ்சிபுரத்தின் காரப்பேட்டையில் புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. அத்தகைய இடத்தில் கட்டைப் பிரிக்கும்போது நோயாளியின் கண் நர்சின் முகத்தில்தான் இருக்கும். மூக்கைச் சுளித்தால் போதும், 'நம் கதை முடிந்தது' என்று அவரே தீர்ப்பெழுதிவிடுவார். நடிப்பு என்கிறீர்கள், ஊசி போடுவதும் பழகி வந்ததுதானே? எந்நேரமும் சிரிக்கச் சொல்லவில்லை. வலியில் துடிப்பவர் முன் பல்லைக் காட்டுவது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது. முகக்கவசம் மறைத்துவிடுமே என்பார்கள். கண்ணை மறைக்காதே! உண்மைச் சிரிப்பில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும் என்று பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1862-லேயே எழுதிவிட்டார். நர்சிங் கல்லூரிகளே, செய்முறைத் தேர்வில் முகத்துக்கும் மதிப்பெண் போடுங்கள்.