சிப் அண்ணை கலெக்சன்

கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்தியில் இறங்கி, "பாட்டு ஏத்துற அண்ணை எங்க இருக்கிறார்?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்று பேர் மூன்று திசையைக் காட்டுவார்கள். மூவரும் சரியாகத்தான் காட்டியிருப்பார்கள். பரந்தனில் ஒருவர், விசுவமடுவில் ஒருவர், முறிகண்டிப் பக்கம் இன்னொருவர் என்று ஊருக்கு ஒருத்தர் உண்டு. ஒருவர் போன் கடை வைத்திருப்பார், ஒருவர் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டுவார், இன்னொருவர் வெறும் கமக்காரர். ஆள் மட்டும் ஒரே ஆள். எங்கள் ஒழுங்கையில் இருப்பவருக்குச் சிப் அண்ணை என்று பெயர். போனுக்குள் போடும் மெமரி காட்டை நாங்கள் சிப் என்போம்.

களவு என்ற சொல்லே அண்ணைக்கு ஆகாது. பக்கத்து வளவுத் தேங்காய் தன் பக்கம் விழுந்தால் வேலிக்கு மேலால் திருப்பிப் போட்டுவிட்டு, "உங்கட தேங்காய்!" என்று கூப்பிட்டும் சொல்வார். பஸ்ஸில் கொண்டக்டர் மிச்சக் காசை இருபது ரூபா கூடத் தந்துவிட்டாரென்று, அடுத்த நாள் அதே பஸ்ஸை மறித்துக் கொடுத்தவர். அப்பேர்ப்பட்ட மனிதரின் மேசை லாச்சிக்குள் ஒரு கறுப்பு ஹாட் டிஸ்க் இருக்கிறது. தியாகராஜ பாகவதரில் தொடங்கி நேற்று வெளியான பாட்டு வரை அதற்குள் உண்டு. ஒன்றுக்கும் ஒரு சதம் கொடுத்ததில்லை.

அடுக்கி வைத்திருப்பதில் ஒரு நூலகர் தோற்றுப்போவார். படப்பெயர், பாடகர் பெயர் எல்லாம் அவருக்குத் தேவையில்லாத விபரம். 'உழவு' என்று ஒரு தொகுதி: மெசின் சத்தத்தை மேவ வேண்டும், ஓட்டுகிறவனுக்கு நித்திரை வரக்கூடாது. 'ஓட்டோ' என்று ஒன்று: இருக்கை அதிர வேண்டும். 'சாமத்திய வீடு', 'கலியாண வீடு', 'வெளிநாட்டால வந்தாக்கள்'. கடைசித் தொகுதியில் முழுக்க எண்பதுகள். நீங்கள் சிப்பை நீட்டினால் சாரத் தலைப்பால் துடைப்பார், வெளிச்சத்தில் பிடித்து அந்த நகத்தளவு தகட்டின் பொன்னிறப் பல்லைப் பார்ப்பார், ஒருமுறை ஊதுவார், பிறகுதான் செருகுவார். "தம்பி, ஒரு தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வாரும்." திரும்பி வரும்போது ஐந்நூறு பாட்டு ஏறியிருக்கும். நூறு ரூபா. அது பாட்டுக்கான காசில்லையாம், கரண்டுக்கும் கைக்கூலிக்குமாம். பாட்டுக்குக் காசு வாங்கினால் பாவமாம்.

"நான் ஒரு பாட்டை எடுத்தா அங்க ஒண்டு குறையுதே? கிணத்தில ஒரு வாளி அள்ளினாலும் ஒரு வாளி குறையும். இது குறையாத கிணறு" என்பார். யோசித்தால் சரி போலத்தான் இருக்கும். அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள்ளிருந்து அக்கா குரல் கொடுப்பா: "இஞ்சேருங்கோ, இரணைமடுக் குளத்துத் தண்ணியும் ஓடுற தண்ணிதானே. முறை மாறி வாய்க்காலை மறிச்சவனோட போன சிறுபோகம் மண்வெட்டியோட நிண்டது ஆர்?"

"அது தண்ணி" என்பார் அண்ணை. வேறு விளக்கம் கிடைக்காது.

ஒருநாள் சட்டத்தையே அச்சடித்துக்கொண்டு போனேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஆக்கியவர் செத்து 70 வருடம் வரை அவர் ஆக்கத்துக்கு உரித்துண்டு. வேண்டுமென்று மீறினவருக்கு நீதவான் 5 லட்சம் ரூபா வரை தண்டம் போடலாம், ஆறு மாதம் மறியலுக்கு அனுப்பலாம், இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். அண்ணை கண்ணாடியைத் தேடிப் போட்டார்.

"2003 எண்டு கிடக்கு. அப்ப இஞ்ச கோடு வேறயெல்லோ?"

வாதம் பிழையென்று சொல்ல முடியவில்லை. கொழும்பில் அந்தச் சட்டம் நிறைவேறியபோது கிளிநொச்சியில் புலிகளின் நீதிமன்றங்கள்தான் நடந்துகொண்டிருந்தன.

"அதுக்குப் பிறகு ஏத்தினதுகள், அண்ணை?"

"பிறகு ஒருத்தரும் இதைக் கொண்டுவந்து காட்டேல்லையே. நீர்தான் முதல் ஆள்."

தாளைப் புரட்டிக்கொண்டு போனவரின் முகம் ஓரிடத்தில் மலர்ந்தது. சொந்தத் தேவைக்கு ஒருவர் ஒரு பிரதி எடுக்கலாம் என்று அந்தச் சட்டமே இடம் விடுகிறது. "பாத்தீரே!" என்று மேசையில் தட்டினார். சட்டப்படியான பிரதியிலிருந்துதான் எடுக்கலாம், அதுவும் ஒரேயொரு பிரதி என்று விரலை வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

"சரிதானே. ஆளுக்கு ஒரேயொரு பிரதிதான் குடுக்கிறன்."

பாரதி பாட்டின் கதையை ஏன்தான் சொன்னேனோ. அந்தப் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஒரு காலத்தில் ஏவி. மெய்யப்பச் செட்டியாரின் கையில் இருந்தது. 1949இல் பாரதியின் எழுத்துரிமையைச் சென்னை அரசாங்கம் எடுத்துப் பிறகு பொதுச்சொத்தாக்கியது. நான் சொல்ல வந்தது, பாரதி பாட்டுக்கே சொந்தக்காரர் இருந்தார் என்பது. அண்ணை எடுத்துக்கொண்டது வேறு. "பாத்தீரே, அரசாங்கமே பாட்டைச் சனத்துக்குக் குடுத்திருக்கு. மற்றப் பாட்டுகளுக்கு அரசாங்கம் வருமட்டும் நான் பாத்துக்கொண்டிருக்கேல்லை, அவ்வளவுதான்." 2017இல் இளையராஜா தன் பாட்டுகளை அனுமதியில்லாமல் மேடையில் பாடக்கூடாதென்று எஸ்.பி.பி.க்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோது மட்டும் அண்ணை இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இரண்டு பேரின் பாட்டும் ஒரே தொகுதிக்குள் கிடந்தது. பிரித்து வைப்பதா என்று யோசித்தாராம்.

இவரைக் கள்ளன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தொண்ணூறுகளில் வன்னிக்குள் பற்றரி வரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருத்தர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வருகிற கரண்டில் மற்றவர்கள் பாட்டுக் கேட்ட காலம். சுற்றுகிறவனுக்குக் கை சோர்ந்தால் கசற்றும் சோரும், எஸ்.பி.பி.யின் குரல் யேசுதாசின் குரலுக்கு இறங்கும், இன்னும் சோர்ந்தால் கிணற்றுக்குள்ளிருந்து வரும். அண்ணை சுற்றிய கை. பாட்டுக்கு விலை கொடுக்கவில்லை என்று அவரிடம் சொன்னால் கையை மடித்துப் புயத்தைக் காட்டுவார். அந்தக் கசற்றுப் பெட்டியும் 2009இல் இடம்பெயர்ந்த வழியில் எங்கேயோ நின்றுபோனது. மீளக்குடியேறித் தகரக் கொட்டிலுக்குள் இருந்தபோது, பழைய பாட்டுகளை விலைக்கு விற்க ஒரு கம்பனியும் கிளிநொச்சிக்கு வரவில்லை. போன் கடைக்காரர்தான் வந்தார்.

இப்போது வழி இல்லாமலில்லை. ஸ்பொட்டிபை 2021இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. அண்ணைக்கும் விளங்கப்படுத்தினேன். "மாதா மாதம் காசு கட்டோணும், கட்டாட்டிப் பாட்டு நிண்டுபோகும். அப்பிடித்தானே?" என்றார். ஓம் என்றேன். "அது வாடகை வீடு. எத்தினை தரம் எழும்பிப் போனனாங்கள், இனியும் என்னை எழுப்பப் பாக்கிறீர்" என்றார். அதோடு வயலுக்குள் சிக்னலும் இல்லை.

அண்ணைக்குப் பதிப்புரிமை என்றால் என்னவென்று தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். போன வருடம் திருவிழாக் காலத்துக்கென்று இரண்டு கிழமை நித்திரை முழித்து, முந்நூறு பக்திப் பாட்டைப் பொறுக்கி, சத்தத்தைச் சமப்படுத்தி ஒரு தொகுப்புச் செய்தார். ஒவ்வொரு பாட்டின் நடுவிலும் அவருடைய மகளின் குரல்: "இது சிப் அண்ணை கலெக்சன்!" சீர்காழி கோவிந்தராசன் மூச்செடுக்கிற இடைவெளியில் அந்தப் பிள்ளை வந்து போகும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனவர், வழியில் ஒரு தண்ணீர்ப்பந்தலில் தன் தொகுப்பு ஓடுவதைக் கேட்டார். அதே ஒழுங்கு. மகளின் குரல் மட்டும் வெட்டப்பட்டிருந்தது. பொங்கல் பானையைப் பாராமலே திரும்பி வந்து என் வீட்டுப் படலையில் நின்றார்.

"தம்பி, அந்தச் சட்டத் தாள் இருக்குதே? அஞ்சு லட்சம் எண்டு ஒண்டு சொன்னீர்."

எங்கள் ஒழுங்கையில் பாட்டுக் கட்டுகிற பெடியன் ஒருவன் இருக்கிறான். அறைச் சுவரில் மெத்தையைச் சாத்தி வைத்து, மின்விசிறியை நிற்பாட்டி, வேர்த்து ஒழுகப் பாடிப் பதிகிறவன். மாரிக்கு இரணைமடுவின் வான் கதவு திறப்பதைப் பற்றி ஒரு பாட்டுச் செய்து யூரியூப்பில் போட்டான். அண்ணைக்குப் பாட்டுப் பிடித்துவிட்டது. அன்றிரவே இறக்கி, 'உழவு', 'ஓட்டோ' இரண்டிலும் முதலாவதாகப் போட்டார். ஒரு மாதத்தில் டிப்போச் சந்தியில் நிற்கிற ஓட்டோக்களில் எல்லாம் அதுதான் ஓடியது. எனக்குத் தெரிந்து எங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று அப்படி ஓடியது முதல் தடவை.

ஒரு பின்னேரம் பெடியன் அண்ணையின் மேசைக்கு வந்து போனை நீட்டினான். யூரியூப்பில் அந்தப் பாட்டைப் பார்த்தவர்கள் நானூறு பேர்கூட இல்லை. விளம்பரக் காசில் பங்கு வேண்டுமென்றால் 1000 சந்தாதாரர் வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்குள் 4000 மணித்தியாலம் சனம் பார்த்திருக்கவும் வேண்டும். ஓட்டோவுக்குள் சிப்பில் ஓடுவது அந்தக் கணக்கில் விழாது.

"அண்ணை, உங்களிட்ட எத்தினை பேர் ஏத்தினவை?" பெடியன் கோபமாகக் கேட்கவில்லை. நல்ல எண்ணிக்கை ஒன்றைக் கேட்கிற ஆசையில்தான் கேட்டான்.

அண்ணை பதில் சொல்லாமல் ஒரு சிப்பை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார். குறையாத கிணற்றுக் கதையை அன்றைக்கு எடுக்கவில்லை. அக்காவும் குசினிக்குள் சத்தமில்லை.

இரவு ஒன்பது மணியிருக்கும், என் படலையடியில் ரோச் வெளிச்சம். அண்ணை. கையில் மூன்று போன்: தன்னுடையது, அக்காவுடையது, மகளுடையது. மூன்றிலும் இரணைமடு வான் கதவு சத்தமில்லாமல் திறந்துகொண்டிருந்தது. விடிய விடிய ஓட விடப்போகிறாராம், நாலாயிரம் மணித்தியாலத்தில் தன் பங்கு. ஒரே போனில் திரும்பத் திரும்பப் போட்டால் யூரியூப் எல்லாவற்றையும் எண்ணாது என்று சொல்ல நினைத்தேன். முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

"அதில்லைத் தம்பி, டேட்டா விக்கிற விலையில இது கட்டாது போல கிடக்கு" என்று மதிலோடு ஒட்டி நின்று குரலைத் தாழ்த்தினார். "உம்மட வைபை எங்கட விறாந்தை மட்டும் எடுக்குது. பாஸ்வேட்டை ஒருக்காச் சொல்லும். நான் பாவிச்சா உமக்கொண்டும் குறையாது."