கொண்டையராஜு இயல்: ஒரு சுருக்கம்

ஓர் ஓவியரின் பெருமையை அளக்க மூன்று அளவைகள் உண்டு. எத்தனை படம் போட்டார், எத்தனை பேர் பார்த்தார்கள், பார்த்தவர்களில் எத்தனை பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கலை வரலாற்று ஆசிரியர்கள் முதல் இரண்டோடு நின்றுவிட்டதால் கோவில்பட்டி சி. கொண்டையராஜுவுக்கு (1898–1976) உரிய இடம் கிடைக்கவில்லை. அக்குறையை இக்கட்டுரை நீக்கும்.

வரலாறு: சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். திருவண்ணாமலையில் ரமணரிடம் போயிருந்தார். பின்பு நாடகக் கம்பெனியில் சீன் படுதா எழுதினார். கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது; இவர் அங்கேயே தங்கிவிட்டார். பக்கத்தில் காலண்டர் அச்சடிக்கும் சிவகாசி. தெய்வச் செயல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பாணி: இவருடைய தெய்வங்கள் தூண், திரைச்சீலை, படிக்கட்டு சூழ நிற்கின்றன, கூடுமானவரை நம்மை நேருக்கு நேர் பார்க்கின்றன. இதைத் தரிசன மரபு என்பர் ஆய்வாளர். டிக்கெட் வாங்கியவருக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பது நாடக மரபும்கூட. இரண்டும் ஒன்றே என்பது நம் துணிபு.

இவருடைய ‘மீனாட்சி கல்யாண’த்தில் அழகர் தாரை வார்த்துக் கொடுக்கிறார். மதுரைக்காரர் சொல்லும் கதையில் அவர் கல்யாணத்துக்குப் பிந்திவிட்டு, கோபித்துக்கொண்டு வண்டியூருக்குத் திரும்புவார். காலண்டரில் மட்டும் வருஷம் முழுவதும் நேரத்துக்கு வந்துவிடுகிறார். வீடுவீடாக இந்தக் கல்யாணத்தை நடத்திவைத்த கொண்டையராஜு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சுப்பையா, ராமலிங்கம், செண்பகராமன் எனச் சீடர்களே குடும்பம்.

பூர்வபட்சம்: ரவிவர்மா இதையெல்லாம் முன்பே செய்துவிட்டாரே? செய்தார், ஆனால் 1894-இல் பம்பாயில் சொந்தமாக அச்சகமும் வைத்தார். கடன் ஏறி, பத்தாண்டுக்குள் அதை ஜெர்மானியர் ஒருவருக்கு விற்க நேர்ந்தது. லட்சுமியை வரையலாம், அச்சடிக்கும் செலவை ஏற்கக் கூடாது என்பது இதனால் பெறப்படும் நீதி. கொண்டையராஜு அச்சுச் செலவைச் சிவகாசிக்கு விட்டார்.

பாதுகாப்பு: மற்ற ஓவியங்களைக் காக்க அரசு, காவலர், குளிர்சாதனம் வேண்டும். இவருடையதைக் காக்க ஓர் ஆணி போதும். டிசம்பர் 31 அன்று தேதித்தாள் தீர்ந்துபோகும், சாமி தீர்வதில்லை. குப்பையில் போட்டால் பாவம், எரித்தால் மகாபாவம். ஆகவே புதுக் காலண்டர் பழையதன் மேலேயே ஏறும், அல்லது படம் சட்டக் கடைக்குப் போகும்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அளவுக்கு வெட்டும்போது ஜவுளிக்கடையின் பெயர் முதலில் போகிறது. ஓரத்தில் பொடி எழுத்தில் உள்ள ஓவியர் கையெழுத்து பல சமயம் கூடவே போகிறது. தப்பிய கையெழுத்து அம்மன் பாதத்தருகே இருப்பதால், வெள்ளிக்கிழமைதோறும் வைக்கும் குங்குமத்தில் கொஞ்சம் அதன்மேலும் விழுகிறது. பெயர், நட்சத்திரம் இரண்டையும் கேட்காமல் நம் நாட்டில் நடக்கும் அர்ச்சனை இது ஒன்றுதான்.