அந்த வரியை எடுத்தீர்களா?

"தம்பி, சேவ் பண்ணினீங்களே, அந்த வரியை எடுத்தீங்களா?" என்று மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்கும் அந்த மனிதரை, ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை வரையில் தோட்டத்து ஆபீசுகளுக்குள் கால் வைத்திருக்கும் எவரும் அறிவர்; செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டின் மென்பொருளைக் கட்டிக் காப்பதற்கென்றே அவதரித்தவர் அவர்.

பெருந்தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் கம்பனிகளின் கைக்கு மாறிச் சில ஆண்டுகள் கழித்து ஆபீசுக்குள் கணனி புகுந்தபோது, முழுநாள் வேலைக்குரிய பேரையும் அரைநாளுக்குரிய அரைப்பேரையும், கொழுந்தின் நிறையையும், சங்கத்துச் சந்தாவையும் கூட்டிக் கழித்து 10ஆம் திகதிச் சம்பளத்தை அச்சிட்டுத் தரும் மென்பொருளொன்றை, 1997இல் வெளியான விசுவல் பேசிக் ஐந்தாம் பதிப்பில் அவர் இயற்றினார். மறு ஆண்டே ஆறாம் பதிப்பு வந்துவிட்டது. ஆறில் திறந்து சேமித்தால், திட்டக் கோப்பினுள் 'ரீட்டெய்ன்ட்=0' என்றொரு வரி, அழையா விருந்தாளியாக வந்து அமர்ந்துகொள்ளும்; ஐந்தாம் பதிப்போ அந்தச் சொல்லை அறியாதாகையால் கோப்பைத் திறக்கவே மறுத்துவிடும். திட்டக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். நோட்பேட்டில் திறந்து அந்த ஒரு வரியை அழித்துவிட்டால் வழக்குத் தீர்ந்தது.

இந்தச் சிறிய பரிகாரத்தை நமது நண்பர் நித்திய அனுஷ்டானமாக்கிக்கொண்டார். கொழுந்து லொறி வாசலில் நின்று ஹார்ன் அடித்தாலும் சரி, பெரிய துரையே ஜீப்பை விட்டு இறங்கினாலும் சரி, நோட்பேட்டைத் திறந்து, தேடும் வசதியைச் சோம்பேறிகளின் மார்க்கமென்று ஒதுக்கி, அம்புக்குறியை ஒவ்வொரு வரியாக அழுத்திக் கீழே இறங்கி, குற்றவாளியைக் கண்டதும் அதன் பெயரை வாய்க்குள் ஒரு முறை உச்சரித்து, அழித்து, சேமித்து, மூடி, உண்மையாகவே தொலைந்ததா என்று மறுபடியும் திறந்து பார்த்த பின்னரே நாற்காலியில் சாய்வார். ஆறாம் பதிப்பில் மீண்டும் சேமித்தால் வரி மீண்டும் வரும்; அவரும் மீண்டும் இறங்குவார். நாளொன்றில் எத்தனை தடவை சேமித்தாலும் அத்தனை தடவையும் இந்த யாத்திரை உண்டு.

இதில் விசேஷம் யாதெனில், ஐந்தாம் பதிப்பு இருந்த கணனி பழைய இரும்போடு இரும்பாக எப்போதோ ஹட்டன் பஸாருக்குப் போய்விட்டது. "அண்ணே, அஞ்சில இப்ப யாரு திறக்கிறாங்க?" என்று செக்ரோல் கிளாக்கர் ஒரு நாள் துணிந்து கேட்டுவிட்டார். "யாரு திறக்கிறாங்கங்கிறது பேச்சில்ல தம்பி. திறக்கணும்னா திறக்கணும்!" என்று பதில் வந்தது. ஆறாம் பதிப்பின் உருவாக்கக் கருவிக்கே மைக்ரோசொப்ட் 2008இல் ஆதரவை நிறுத்திவிட்டது என்ற செய்தியை அவரிடம் சொன்னால், எதிரியின் பலவீனத்தைக் கேட்டவர்போல் புன்னகை செய்வார். (புதியதில் தொட்ட திட்டம் பழையதில் திறக்கவேண்டும் என்னும் ஞானம் அந்தப் பெரிய கம்பனிக்கே 2012இல்தான் உதித்து, விசுவல் ஸ்டூடியோவின் அவ்வாண்டுப் பதிப்பில் 2010ஆம் பதிப்போடு கோப்புகளைப் பகிர வழி செய்தது என்பதையும், நியாயம் கருதி, இங்கே குறிப்பிடவேண்டியிருக்கிறது.)

அவருடைய மற்றைய குணங்களை விட்டுவிடலாம்; அச்சுப்பொறியைத் தட்டுவதும், விசைப்பலகைக்குத் துண்டு போர்த்துவதும் எல்லோரிடமும் உள்ளவையே.

ஆயினும் அந்த மனிதரைச் சும்மா பரிகசித்துவிட்டுப் போக மனம் வரவில்லை. நாட்சம்பளத்துக்கு மூன்று இலக்கமே தாராளம் என்று எண்ணி அவர் அமைத்த நிரல், 2021இல் சம்பளம் ஆயிரமானபோது, அடிப்படை 900, படி 100 என்று அது இரண்டாகப் பிரிந்து வந்த புண்ணியத்தால் பிழைத்தது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாய் என்று வந்தபோது அந்தப் புண்ணியம் எடுபடவில்லை. கொழும்பிலிருந்து வந்த இளைஞர்கள், திட்டத்தைப் புதிய கருவிக்கு மாற்ற முயன்று, பிழைச் செய்திகளின் பட்டியலோடு மல்லாடிக்கொண்டிருக்கையில், இவர் ஒரு மாலைப்பொழுதில் தம் பழைய கோப்பைத் திறந்து, நிரலை அகலப்படுத்தி, நோட்பேட்டில் வழக்கம்போல் இறங்கி ஏறி, வீட்டுக்குப் போய்விட்டார். 10ஆம் திகதி சம்பளம் ஒரு சதமும் பிசகாமல் கிடைத்தது.

அவர்மேல் எனக்கு உண்மையான மனத்தாங்கல் இனித்தான் இருக்கிறது. இத்தனை வித்தையில் ஒரு துளியையும் அவர் யாருக்கும் கற்பித்ததில்லை. அவர் கதிர்காமத்துக்குப் புறப்பட்டால் செக்ரோல் மூச்சுவிடப் பயப்படும். மலையேறிக் கொழுந்து பறித்தவளின் ஒரு மாதச் சம்பளம் ஒருவருடைய ஞாபகத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். "சம்பள நிரலை எங்கெங்கே மாற்றினீர்கள் என்பதையாவது எழுதி வைத்துவிட்டுப் போங்கள், அண்ணே" என்று ஆபீசே கூடி மன்றாடியதன் பேரில், சென்ற முறை முழுத்தாள் ஒன்றில் முத்து முத்தாக எழுதிக் கொடுத்துவிட்டே பஸ் ஏறினார். நோட்பேட்டை எப்படித் திறப்பது, அம்புக்குறியை எப்படி அழுத்துவது, வரி போனதா என்று ஏன் இரு முறை பார்க்கவேண்டும் என்பவையெல்லாம் அதில் சாங்கோபாங்கமாக இருந்தன. சம்பள நிரலைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை.