டே ஆற்றுத் தூண்டிலியல்

ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் சால்மன் பிடித்தல் என்னும் துறையை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்து, பொழுதுக்கேற்ப அதன் வேறுபாடுகளைச் சொல்வது இந்நூலின் நோக்கம். தூண்டிலைப் பற்றி ஆங்கிலத்தில் 1496 முதலே நூல்கள் அச்சாகி வருகின்றன. அவை மீனைப் பிடிப்பது எப்படி என்று சொல்பவை. பிடிக்காமல் திரும்புவதற்கு இலக்கணம் செய்தாரில்லை. ஆற்றங்கரையில் கழியும் நாட்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை ஆதலால், அந்தக் குறையை நீக்க இதை எழுதத் துணிந்தோம்.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம், டே ஆறு. நீளம் சுமார் 190 கிலோமீட்டர். பிரிட்டனில் வேறெந்த ஆறும் இவ்வளவு நீரைக் கடலுக்குக் கொண்டுபோவதில்லை. பொழுது, ஜனவரி 15 முதல் அக்டோபர் 15 வரை, ஞாயிறு நீங்கலாக. அங்கே ஞாயிற்றுக்கிழமை சால்மனுக்குத் தூண்டில் போடுவது சட்டப்படி குற்றம். இது மீனுக்குத் தரப்பட்ட ஓய்வு என்பர் ஒரு சாரார். பொய் சொல்வதிலிருந்து மனிதனுக்குத் தரப்பட்ட ஓய்வு என்பதே எம் துணிபு.

கருப்பொருளைச் சுருக்கமாகச் சொல்லி நகர்வோம். தெய்வம், நீர்மட்டம் காட்டும் அளவுகோல்; காலையில் எழுந்ததும் அதன் முகத்தில்தான் விழிப்பார்கள். புள், குஞ்சு மீனைத் தின்பதாக ஓயாமல் குற்றம் சாட்டப்படும் கூசாண்டர் வாத்து. நீர், விஸ்கி. தொழில், வீசுதல், இழுத்தல், மறுபடி வீசுதல். மக்கள் இருவர்: நாள் வாடகை கொடுத்து வந்தவர், அவருக்குத் துணையாக நிற்கும் படகுக்காரர். முன்னவர் பேசிக்கொண்டிருப்பார். பின்னவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இனி உரிப்பொருள். குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், இத்திணைக்குச் சாக்கு.

சாக்கே உரிப்பொருளானது எப்படி என்று கேட்பார்க்கு விடை மீனின் வயிற்றில் இருக்கிறது. கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழைந்த சால்மன் இரை எடுப்பதில்லை. கடலில் தின்று சேர்த்த கொழுப்பை வைத்தே மாதக்கணக்கில் காலந்தள்ளி, பிறந்த கூழாங்கல் படுகை வரை நீந்திப் போய் முட்டையிடுகிறது. அப்படிப்பட்ட மீனிடம் இறகாலான ஓர் ஈயைக் காட்டுவது, விரதம் இருப்பவர் முன் பஜ்ஜித் தட்டை நீட்டுவது போன்றது. ஆனாலும் எப்போதாவது ஒரு மீன் அதைக் கவ்வத்தான் செய்கிறது. ஏன் கவ்வுகிறது என்பதில் ஆசிரியர்கள் பல சாராராகப் பிரிவர். இளமையில் ஆற்றில் பூச்சி தின்ற பழக்கம் நினைவுக்கு வருகிறது என்பார் நினைவுக் கொள்கையர். தன் இடத்துக்குள் அந்நியன் நுழைந்ததால் கடிக்கிறது என்பார் சினக் கொள்கையர். கை இல்லாத உயிர் வாயால்தான் தொட்டுப் பார்க்க முடியும் என்பார் ஆவல் கொள்கையர். மூன்றும் நிறுவப்படாதவை, அதனாலேயே மூன்றுக்கும் உயிர் இருக்கிறது. பசி இல்லாத மீன் தூண்டிலைத் தொடாததற்கு விளக்கமே தேவையில்லை. ஆயினும் தொடாத ஒவ்வொரு நாளுக்கும் இங்கே ஒரு விளக்கம் தரப்படுகிறது. அந்த விளக்கங்கள் பொழுதுக்குப் பொழுது மாறுவன.

முதற்பொழுது, முன்வசந்தம். ஜனவரி 15 அன்று கென்மோரில் பைப் இசை முழங்க ஊர்வலம் வந்து, படகின் முன்நுனியில் விஸ்கி ஊற்றித் தொடங்குவார்கள். இப்பொழுதின் சாக்கு குளிர். தண்ணீர் விறைத்துக் கிடக்கிறது, மீன் மடுவின் அடியை விட்டு அசையாது, ஈ இன்னும் ஆழமாகப் போகவேண்டும் என்பர். ஆழமாகப் போன ஈ பாறையில் மாட்டும். அது தனிச் சாக்கு. அதைக் கிளைச்சாக்கு என்க.

இப்பொழுதில் கையில் வரும் மீன் இருவகைப்படும். ஒன்று கடலிலிருந்து புதிதாக வந்தது. மற்றது கெல்ட்; போன குளிர்காலத்தில் முட்டையிட்டுக் களைத்துக் கடலுக்குத் திரும்பிக்கொண்டிருப்பது. இரண்டும் வெள்ளிபோல் மின்னும் என்பதில்தான் சங்கடம். புதுமீனின் பின்பகுதியில் கடல்பேன் ஒட்டியிருக்கும்; அந்தப் பேனுக்குப் பின்னால் இரண்டு நூல்கள் வால்போல் தொங்கினால், ஆற்றுக்குள் வந்து ஓரிரு நாள்தான் ஆகிறது என்று பொருள். கெல்ட்டுக்கோ தலை பெரிது, வயிறு ஒட்டிப்போயிருக்கும், துடுப்பு ஓரங்கள் கிழிந்திருக்கும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் வெளிறிய சிறு புழுக்கள் வரிசையாகத் தொங்கும். புதிதாக வந்தவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பதில்லை. முதலில் படம் எடுத்துக்கொள்கிறார். “நல்ல மீன்தானே?” என்று கேட்கிறார். “மீன்தான், சார்” என்கிறார் படகுக்காரர். கெல்ட்டைத் தண்ணீரில் விட்டாகவேண்டும் என்பது சட்டம். ஏப்ரலுக்கு முன் பிடிபடும் புதுமீனையும் விட்டாகவேண்டும் ஆதலால், படத்தில் இருப்பது எது என்ற விசாரணைக்கே இடமில்லாமல் போயிற்று.

இரண்டாம் பொழுது, ஏப்ரலும் மே மாதமும். நீர் சூடேறச் சூடேற மீன் மேலே போகத் தொடங்கும். இப்பொழுதின் சாக்கு, மீன் நம் துறையைத் தாண்டிப் போய்விட்டது என்பது. கீழ்த்துறையில் நிற்பவர் மேலே போய்விட்டது என்பார். மேல்துறையில் நிற்பவர் இன்னும் வந்து சேரவில்லை என்பார். இரண்டும் ஒரே நாளில் சொல்லப்படுவதை மெய்ந்நூலார் குற்றமாகக் கொள்ளார். இந்தச் சாக்குக்கு எதிரி ஒன்று உண்டு. கிளையாறான டம்மலின் குறுக்கே பிட்லாக்ரியில் மின்னணை இருக்கிறது. மீன் ஏறுவதற்கு 34 தொட்டிகளைப் படிபோல் அடுக்கி ஏணி கட்டி, அதில் எண்ணும் கருவியையும் வைத்திருக்கிறார்கள். ஆற்றில் மீனே இல்லை என்று ஒருவர் அடித்துச் சொல்லும் அதே வாரத்தில் ஏணி ஒரு கணக்கைக் காட்டி அவரைப் பொய்யராக்கும். அறிவியலால் ஒரு கலை நலிவதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மூன்றாம் பொழுது கோடை. கடலில் ஒரே ஒரு குளிர்காலம் கழித்துவிட்டு வரும் கிரில்ஸ் என்னும் இளமீன்கள் இப்போது நுழையும். சாக்குகள் மலிந்த பொழுதும் இதுவே. தண்ணீர் குறைவு, தண்ணீர் தெளிவு, வெயில் மிகுதி, முதல்நாள் மழை பெய்ததால் தண்ணீர் கலங்கல் என நான்கும் ஒரே வாரத்துக்குள் அடங்கும். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் வீட்டுக்குப் போகவும் காரணம் கிடைப்பதில்லை. காற்று நின்றால் மிட்ஜ் என்னும் பூச்சி வரும். கடுகளவுகூட இராது, ஆனால் திரளாக வந்து காதோரம், இமை, சட்டைக்கழுத்து எங்கும் அப்பும். ஒரு கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டு வீசியதால் ஈ தவறான இடத்தில் விழுந்தது என்பது, எமது ஆராய்ச்சியில் அகப்பட்ட சாக்குகளில் உண்மைக்கு மிக அருகில் இருப்பது.

இங்கே ஓர் இடையூறு. ஆற்றில் மீனே இல்லை என்பது எல்லாப் பொழுதுக்கும் பொதுவான பழஞ்சாக்கு. தாத்தா சொன்னது, பேரன் சொல்வது. அது மெய்யாகிக்கொண்டு வருகிறது. ஸ்காட்லாந்து முழுவதும் தூண்டிலில் பிடிபட்ட சால்மன் 2023இல் சுமார் 33,000. 1952இல் கணக்கு தொடங்கியபின் அதுவரை காணாத தாழ்வு. அவற்றிலும் பத்தில் ஒன்பதுக்கு மேல் திரும்ப விடப்பட்டவை. அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டனின் சால்மனை, இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியமான ஐயூசிஎன், அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. கடல் சூடாகிறது, ஆறும் சூடாகிறது, அணைகள் மறிக்கின்றன, பண்ணை மீன்களிடமிருந்து பேன் பரவுகிறது. மெய்யாகிவிட்ட சாக்கை எந்த வகையில் அடக்குவது என்று தெரியாமல் பகுப்பாசிரியன் விழிக்கிறான். அதைச் சொல்பவர்கள் முன்போல் சிரிப்பதுமில்லை.

நான்காம் பொழுது இலையுதிர்காலம். ஆண்மீன் செம்பழுப்பேறி, கீழ்த்தாடை கொக்கிபோல் மேல்நோக்கி வளைந்திருக்கும். சாக்கு, இலை. பீச் மரமும் பர்ச் மரமும் உதிர்ப்பதெல்லாம் ஆற்றில்தான் வருகிறது. வீசிய ஒவ்வொரு வீச்சுக்கும் முள்ளில் ஓர் இலை. அது மாட்டும்போது கோல்நுனி மெல்லத் தாழும். மீன் தொட்டாலும் அப்படித்தான் தாழும். ஆகவே இலை என்று அசட்டையாக இருந்து விட்டது மீன் என்றும், மீன் என்று பதறி இழுத்தது இலை என்றும் இச்சாக்கு இருதலைப்படும்.

ஐந்தாவது, தடைக்காலம். பெண்மீன் வாலால் கூழாங்கல்லைப் பறித்துக் குழி செய்து முட்டையிட்டு மூடுவது இப்போதுதான். சாக்கைச் சட்டமே தந்துவிடுவதால் தூண்டில்காரருக்கு இது மனநிம்மதியான பருவம். வீட்டில் உட்கார்ந்து ஈ கட்டுவார்கள். விக்டோரியா காலத்து ஜாக் ஸ்காட் என்னும் ஈக்கு டூக்கன், மயில், பொன்னிறப் பெசன்ட் எனப் பல பறவைகளின் இறகு வேண்டும். அதன் கன்னத்தில் வைப்பதோ நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலுடைய கழுத்திறகு. நுனியில் மெழுகு சொட்டியதுபோல் பளபளக்கும் மஞ்சள் புள்ளி இருக்கும். மீனுக்கு அது கண்ணாகத் தெரியும் என்பது நம்பிக்கை. நீலகிரிக் காட்டில் கூவித் திரிந்த சேவலின் இறகு, பசியில்லாத மீனை ஏமாற்ற ஸ்காட்லாந்துவரை கப்பலேறியது. இன்று காட்டுச் சேவலைத் தொட இந்தியச் சட்டம் விடாது. கூண்டில் வளர்த்த சேவலின் இறகைத்தான் வாங்கிக் கட்டுகிறார்கள். சரியான காட்டு இறகு இல்லாததால்தான் மீன் கவ்வவில்லை என்ற சாக்கையும் நாம் கேட்டாயிற்று.

புறனடை. இவ்விதிகளுக்கெல்லாம் அடங்காதவர் ஜார்ஜினா பாலன்டைன். 1922 அக்டோபர் 7, மாலை, காபுத் ஊரருகே கிளென்டெல்வைன் துறையில், தந்தை துடுப்பு வலிக்கப் படகில் அமர்ந்திருந்தார். காட்டுக்கோழி இறகெல்லாம் இல்லை. டேஸ் என்னும் சிறுமீனை முள்ளில் கோத்துச் சுழல விட்டிருந்தார். மாட்டிய மீனோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டி, இருட்டியபின் கரையேற்றினார்கள். எடை 64 பவுண்டு, ஏறத்தாழ 29 கிலோ. தூண்டிலில் பிடித்த சால்மனில் பிரிட்டனின் பெரியது இன்றும் அதுதான். மீனைப் பெர்த் மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த மீன் பெர்த் நகரக் கடையொன்றின் கண்ணாடிக்குள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, கூட்டத்தின் பின்னால் அவரும் நின்றிருந்தார். முன்னால் இரண்டு கிழவர்கள். ஒரு பெண் இதைக் கரையேற்றினாள் என்பது பொய், எனக்கே குதிரையும் கப்பியும் வேண்டியிருக்கும் என்றார் ஒருவர். பிறர் பிடித்த மீனுக்குச் சொல்லும் சாக்கு இது. மேற்கண்ட ஐந்து பொழுதிலும் அடங்காது, தனி இயல் வேண்டும். பாலன்டைன் தமக்குள் சிரித்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாராம்.