லைன் பாத்து நில்லுடா பேராண்டி

வாடா பேராண்டி, இப்படிக் குந்து. இங்கிலீஷ் கத்துக்கறேன்னு திண்டிவனத்துலேர்ந்து தெனம் விழுப்புரத்துக்கு ரயிலேறிப் போற, நல்லது. 'லைன்'னா கோடுன்னு உங்க வாத்தியார் போர்டுல எழுதிப் போட்டாராமே? பாவம், விழுப்புரம் ஜங்ஷன் பக்கமே போவாத மனுசன் போல.

அந்த ஜங்ஷன்லேர்ந்து அஞ்சு பக்கம் தண்டவாளம் போவுது. மெட்ராசு, பாண்டிச்சேரி, திருவண்ணாமலை வழியா காட்பாடி, இந்த மூணையும் வுடு. வம்பே திருச்சிக்குப் போறதுலதான். கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம்னு சுத்திக்கினு போனா மெயின் லைன். விருத்தாசலம், அரியலூர்னு குறுக்கால போனா கார்டு லைன். பேர்தான் மெயினு, தெக்கப் போற பெரிய வண்டிங்கள்ல பெரும்பாலானது கார்டு லைன்லதான் பறக்குது. மீட்டர் கேஜை மாத்தறோம்னு 2006 கடைசியில மெயின் லைனை மாயவரம் வரைக்கும் மூடினவங்க, 2010லதான் தொறந்தாங்க. மூத்த மாப்பிள்ளைக்கு மொத எலையப் போட்டுட்டு, கறிய இளைய மாப்பிள்ளைக்கு அள்ளி வைக்கிற கதைதான். கும்பகோணத்துல பொண்ணு பாக்கப் போறவன் கார்டு லைன் வண்டியில ஏறினா, விருத்தாசலத்துல எறங்கி முழிக்க வேண்டியதுதான்.

ஊருக்குள்ள வந்தாலும் இந்தச் சனியன் வுடுதா? காத்தடிச்சுக் கம்பி அறுந்தா லைன்மேன் வரணும். அவருக்குப் போன் போட்டா 'லைன் பிசி'. ரேஷன் கடையில லைன்ல நில்லுங்கறான். வரிசையா ஆறு குடும்பம் குடியிருந்தா அது லைன் வீடு. தரகர் வந்து, "பையன் எந்த லைன்ல இருக்கான்?"னு கேட்டா, தண்டவாளத்தக் காட்டிடாத, வேலை வெட்டி இருக்கான்னு கேக்கறாரு. இப்போதைக்கு நீ சிரிச்சு வையி.

நம்ம திண்டிவனத்துக்குன்னு ஒரு லைன் இருக்கு பாரு, செஞ்சி வழியா திருவண்ணாமலைக்கு. 2006-07ல சேங்சன் ஆனது, பேப்பர்லதான் இன்னும் ஓடிக்கினு இருக்கு. அதுல ஒரு சவுகரியம் சொல்றேன் கேளு. எவனாவது குடுத்த கடனைத் திருப்பிக் கேட்டா, "செஞ்சி ரயில்ல வந்து தரேண்ணே"ன்னு சொல்லு. பொய்யும் ஆவாது, பணமும் போவாது.

அது கெடக்கட்டும். திண்டிவனம் வர்றவன் மெட்ராசு போற வண்டிக்குத்தானே நிக்கணும்? சாயங்காலமானா நீ பாண்டிச்சேரி வண்டிகிட்ட நிக்கறியாம். கையில புஸ்தகமாம், கண்ணு மட்டும் லேடீஸ் பொட்டி பக்கமாம். அது எந்த லைன்னு நான் கேக்கலடா. கொல்லையில பல்லு வெளக்கிக்கினு இருக்கா பாரு உங்க ஆயா, அவ கேப்பா.