நாற்காலி தூக்கும் திருப்பணி

தென்காசி வட்டாரத்தில் ஒரு பங்கில் இளைஞர் இயக்கம் தொடங்கப்போகிறார்கள் என்பதைக் கோயில் வாசல் ஃப்ளெக்ஸைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உச்சியில் ஆயர். கீழே மறைவட்ட அதிபர். பக்கத்தில் பங்குத்தந்தை. அதற்கும் கீழே, மை பூசிய மீசையோடு பங்குப் பேரவைத் துணைத் தலைவர். எல்லோரும் சிரிக்கிறார்கள். அடியில் ‘இவண்: பங்கு இளையோர்’. இளையோரின் முகங்கள் தபால்தலை அளவு. ஃப்ளெக்ஸுக்குக் காசு போட்டது யார்? தபால்தலைகள்.

விழாவில் பொன்னாடை போர்த்தவே முக்கால் மணி நேரம் போனது. மேடையில் பேசியவர்கள் எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். இளைஞர்களே நாளைய திருச்சபை என்றார்கள். இன்றைய திருச்சபையில் அவர்களுக்கு என்ன வேலை என்பது கூட்டம் முடிந்ததும் தெரிந்தது. நாற்காலிகளை அடுக்கி மினிலாரியில் ஏற்றினார்கள்.

வேலைக்கு ஒன்றும் குறைவில்லை. கொடியேற்றம் தொடங்கிப் பத்து நாளும் தோரணம் கட்ட வேண்டும், ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க வேண்டும், சப்பரம் தூக்க வேண்டும், அசனப் பந்தியில் சாம்பார் வாளியோடு ஓட வேண்டும். கூலி கொடுத்தால் இதற்கு ஒப்பந்தப் பணி என்று பெயர். கொடுக்காவிட்டால் இளைஞர் பணி.

வேலை உண்டு, வாக்கு இல்லை. நம் பக்கத்துப் பல ஊர்களில் கல்யாணம் ஆகாதவன் தலைக்கட்டு ஆகமாட்டான். தலைக்கட்டு ஆகாதவனுக்கு வரி இல்லை. வரி கட்டாதவன் ஊர்க் கூட்டத்தில் வாய் திறக்க முடியாது. பெண்ணுக்கு இந்தக் கணக்கில் இடமே கிடையாது. அப்படியும் ஒரு பையன் எழுந்து, போன வருசத் திருவிழா வரவு செலவைக் கேட்டுவிடுகிறான் என்று வையுங்கள். முன்வரிசையிலிருந்து உடனே குரல் வரும்: ‘ஏல, நீ யாரு மவன்?’ அவன் கேட்டது ரூபாய். இவர் விசாரிப்பது பூர்வீகம். ‘தம்பி, கோயிலுக்குள்ள அரசியல் வேண்டாம்’ என்று சாமியார் ஜெபத்தை ஆரம்பித்துவிடுவார். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். கணக்கு உட்கார்ந்துவிடும்.

ரோமாபுரி இப்படிச் செய்யச் சொல்லவில்லை. 2018 அக்டோபரில் இளைஞர்களுக்காகவே ஆயர் மாமன்றம் கூடியது. பதினாறு முதல் இருபத்தொன்பது வயது வரை இளைஞர் என்று வரையறுத்தது. மறு ஆண்டு மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ் ‘கிறிஸ்து வாழ்கிறார்’ என்ற ஊக்கவுரையில் கையெழுத்திட்டார். மொத்தம் 299 பத்திகள். இளைஞர்கள் ஏன் கோயிலை விட்டு விலகுகிறார்கள் என்று நாற்பதாம் பத்தியில் பூசி மெழுகாமல் எழுதியிருக்கிறார்: பாலியல் முறைகேடு, பண முறைகேடு, ஆயத்தமில்லாத மறையுரை, இளைஞனைக் கை கட்டி நிற்க வைக்கும் வழக்கம். இளைஞர் பணியை நடத்த வேண்டியவர்கள் இளைஞர்களே என்றும் சொல்கிறார். அதே 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் வந்தார், எஸ்.பி. வந்தார். இந்த ஊக்கவுரை மட்டும் திருநெல்வேலியில் பஸ்ஸைத் தவறவிட்டது போலிருக்கிறது. இங்கே இளைஞர் தலைவருக்கு வயது நாற்பத்திரண்டு. அவருடைய மூத்த மகன் உறுதிப்பூசுதல் வாங்கிவிட்டான்.

வருடத்தில் ஒரு முறை இளைஞர் பாசறை நடக்கும். இடம் குற்றாலம். நாள் குறிப்பது பரிசுத்த ஆவியானவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறிப்பது சாரல். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் மட்டுமே இளைஞர்களின் ஆன்மா பற்றி நமக்குக் கவலை வரும். ஐந்தருவியில் தண்ணீர் வற்றினால் அந்தக் கவலையும் வற்றும். காலையில் ‘இன்றைய உலகில் இளைஞர்’ என்று ஒரு உரை. பதினொன்றுக்கு எண்ணெய்த் தேய்ப்பு. மதியம் பிரியாணி. அறிக்கையில் ‘ஆன்மிகப் புத்துணர்ச்சி’. பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போவதில்லை, பாதுகாப்பு இல்லையாம். அவர்கள் ஊரிலேயே இருந்து மறைக்கல்வி வகுப்பு எடுக்கலாம், பீடப் பூ மாற்றலாம். அதற்குப் பாதுகாப்பு உண்டு.

பெல்ஜியத்தில் ஜோசப் கார்டைன் என்று ஒரு சாமியார் இருந்தார். 1912இல் பிரஸ்ஸல்ஸ் ஓரத்தில் லாக்கன் பங்குக்கு உதவிப் பங்குத்தந்தையாக வந்தார். ஃப்ளெக்ஸ் அடிக்கவில்லை. தையல் வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகளைத் தேடிப்போனார். எத்தனை மணி நேரம் வேலை, என்ன கூலி என்று விசாரித்தார். நடப்பதைப் பார், நியாயத்தை யோசி, பிறகு செயலில் இறங்கு என்று அவர்களையே பேச வைத்தார். 1925இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் பிறந்தது. அது உலகம் முழுவதும் பரவி இந்தியாவுக்கும் வந்தது.

இங்கே லாக்கனைத் தேடிப் பெல்ஜியம் போக வேண்டாம். கடையம், பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் திண்ணையில் ஒரு பெண் மடியில் சுளகோடு பீடி சுற்றிக்கொண்டிருப்பாள். பட்டம் வாங்கியவளும் சுற்றுகிறாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சரியில்லை என்று கடையில் கழித்துப்போட்ட பீடியைச் சுற்றியதும் அவள் விரல்தான். அவள் தம்பி பொதிகை எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டு பெட்டியில் சென்னை போய்விட்டான், அண்ணன் திருப்பூரில். இந்த மூன்று பேரைப் பற்றி எந்தப் பாசறையிலாவது உரை உண்டா? கைப்பேசியால் இளைஞர் கெடுகிறார்கள் என்பதற்கு மட்டும் வருடம் தவறாமல் உரை உண்டு. திருப்பூர்க்காரன் கல்யாணத்துக்கு ஓலை கேட்டு வரும்போதுதான் பங்குக்கு அவன் நினைப்பே வரும். ‘வரி பாக்கி எவ்வளவு?’

அங்கே அவன் கித்தார் வாசிக்கும் ஏதோ சபையில் ஞாயிறு தவறாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டால் ஊரே கொதிக்கிறது. அல்லேலூயாக்காரன் பிடித்துக்கொண்டானாம். பிடிக்கவில்லை ஐயா. பெயரைக் கேட்டான், அவ்வளவுதான்.

இனி சாதி. சொல்லாவிட்டால் பெரியவர்களுக்கு நிம்மதி, அதனால் சொல்லியாக வேண்டும். புனித தேவசகாயம் 1745இல் திருமுழுக்கு பெற்றது வடக்கன்குளத்தில். தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர். சித்திரவதைப்பட்டார், 1752இல் சுட்டுக் கொன்றார்கள். அதே வடக்கன்குளத்தில் பிறகு சாதிக்கு ஒரு பக்கமாகக் கோயில் கட்டி, நடுவில் சுவர் வைத்தார்கள். 1910இல்தான் அந்தச் சுவர் இடிந்தது. 2022 மே 15 அன்று ரோமில் அவர் புனிதரானபோது நாமும் பட்டாசு வெடித்தோம். சுரூபமும் வைத்தாகிவிட்டது. அந்தச் சுரூபத்தின் முன்னால் மேலத்தெருவுக்கு ஒரு இளைஞர் மன்றம், கீழத்தெருவுக்கு ஒன்று. இரண்டுக்கும் ஒரே பாதுகாவலர். சப்பரம் எந்தத் தெருவுக்குள் வராது என்பதில் மட்டும் பேரவையில் முழு ஒற்றுமை.

2025 செப்டம்பரில் புனிதரான கார்லோ அகுதிஸுக்கும் இப்போது மவுசு. பதினைந்து வயதில் இறந்த பையன். அசிசியில் ஜீன்ஸும் ஷூவுமாகத்தான் கிடத்தியிருக்கிறார்கள். நம் கோயிலிலும் அவர் படத்துக்கு மாலை விழுகிறது. ஜீன்ஸ் போட்டு வாசகம் வாசிக்க வந்த பிள்ளையை மட்டும் கோயில் பிள்ளை படியிலேயே நிறுத்திவிடுகிறார்.

சாமியாருக்கு மாற்றல் வந்தால் இந்த இளைஞர் இயக்கமும் முடியும். புதியவர் வருவார், பழைய இயக்கத்தைக் கலைப்பார், புதுப் பெயரில் தொடங்குவார். மறுபடியும் ஃப்ளெக்ஸ்.

திருச்சபைச் சட்டம் தெளிவாக இருக்கிறது. பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்ல மட்டுமே உரிமை என்கிறது அதன் 536ஆம் பிரிவு. துணைத் தலைவர் இதைப் படித்தால் மீசை இறங்கிவிடும். நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் இருந்தே தீர வேண்டும் என்கிறது 537. அந்தக் குழுவில் கல்யாணமாகாத இருபத்தைந்து வயதுப் பெண் உட்காரக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. அப்படி ஒருத்தி நம் பங்கிலேயே இருக்கிறாள். எம்.காம். படித்துவிட்டு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். டவுனில் பாதிக் கடைகளின் ஜி.எஸ்.டி. கணக்கு அவள் கையில்தான் முடிகிறது. கோயில் கணக்கு துணைத் தலைவர் வீட்டு பீரோவில் இருக்கிறது. அவளை நிதிக்குழுவில் போடலாமே என்று கேட்டோம். நல்ல யோசனைதான் என்றார் துணைத் தலைவர். ‘அந்தப் பிள்ளை கோலமும் நல்லா போடுமே, கொடியேத்தத்துக்கு வரச் சொல்லுங்க.’